அடிபட்ட இறக்கை மீண்டும் பறக்கலாமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

வகுப்பறையில் நாம் கற்கும் சமன்பாடுகளுள் பல, தேர்வுத் தாளோடு நம்மிடம் விடைபெற்றுக் கொள்கின்றன. வட்ட இயக்கத்தில் ஒரு பொருளின்மீது செயற்படும் விசை, அதன் நிறை, ஆரம், கோணத் திசைவேகத்தின் வர்க்கம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் என்று நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். நூலில் கட்டிய கல்லைச் சுழற்றும் சிறுவனின் படத்தையும் வரைந்து மதிப்பெண் பெற்றிருக்கிறோம். ஆனால் அதே சமன்பாடு நம் எதிரே வந்து நின்று, “இதனைப் பயன்படுத்தலாமா, கூடாதா? நீயே சொல்!” என்று கேட்டால் என்ன செய்வது? அத்தகைய கேள்வி ஒன்று இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தின்முன் வந்தது.

மன்றத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் ரேடியோவால் இயக்கப்படும் ஹெலிகாப்டர் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் காணவரும் அறிவியல் பொருட்காட்சியில், தாமே வந்து அதைப் பறக்கவிட்டுக் காட்டுவதாகவும் கூறினார். ஆனால் அதன் இறக்கைகள் இரண்டும் ஒருமுறை தரையிறங்கும்போது புல்தரையில் அடிபட்டவை. ஒன்றின் பின்விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. மற்றொன்றில் நுனியில் இலேசான சிராய்ப்பு தவிர வேறு குறை கண்ணுக்குத் தெரியவில்லை. புதிய இணை வாங்குவதென்றால் மன்றத்தின் ஓராண்டுச் சந்தாப் பணம் முழுவதும் அதற்கே சரியாகிவிடும். “பிளந்ததை ஒட்டிவிடலாம், நன்றாயிருப்பதை அப்படியே மாட்டலாம்” என்றனர் சிலர். “கூடவே கூடாது” என்றனர் வேறு சிலர். இரு சாராரும் கணக்கு எதுவும் காட்டவில்லை. ஆகவே இதனை ஆராய்ந்து எழுதும் பொறுப்பை மன்றம் எனக்குத் தந்தது.

விசையின் கணக்கு

ரேடியோவால் இயங்கும் ஹெலிகாப்டரைப் பலர் பொம்மை என்றே எண்ணுகின்றனர். உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டு ஹெலிகாப்டர் பொம்மைதான். அதன் பிளாஸ்டிக் இறக்கை 3 கிராம் நிறையுடையது என்றும், நிறை மையம் அச்சிலிருந்து 6 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது என்றும், நிமிடத்துக்கு 1500 சுற்றுகள் சுழல்கிறது என்றும் கொள்வோம். அதன் வேரில் விழும் இழுவிசை ஏறத்தாழ 4 நியூட்டன்தான். அரைக் கிலோ எடைக்கும் குறைவு. கண்ணில் படாதவாறு பார்த்துக்கொண்டால் போதும்.

இனி மன்றத்தின் ஹெலிகாப்டரைக் காண்போம். இதன் இறக்கை ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளம். 120 கிராம் நிறை. சுழலும் நடு அச்சிலிருந்து நுனி 67.5 சென்டிமீட்டர் தொலைவிலும், நிறை மையம் சுமார் 35 சென்டிமீட்டர் தொலைவிலும் உள்ளன. இந்த அளவுடைய ஹெலிகாப்டர்கள் நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் சுழல்வது சாதாரணம். அதாவது கோணத் திசைவேகம் வினாடிக்கு ஏறத்தாழ 209 ரேடியன். இவற்றைச் சமன்பாட்டில் இட்டால், இறக்கையின் வேரில் விழும் இழுவிசை சுமார் 1840 நியூட்டன் என்று வருகிறது. இது 188 கிலோகிராம் எடைக்குச் சமம்! ஒரு தேங்காய் மூடியைவிடக் குறைந்த எடையுள்ள இறக்கையை, வளர்ந்த ஆட்கள் மூவர் சேர்ந்து தொங்கினால் எவ்வளவு இழுப்பு இருக்குமோ அவ்வளவு இழுப்பு இடைவிடாமல் வெளிப்புறமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவன, வேரிலுள்ள ஒரே துளையும் அதைச் சுற்றியுள்ள சிறிதளவு பொருளும், ஒரு திருகாணியுமே ஆகும்.

நுனியின் வேகமோ வினாடிக்கு 141 மீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல். இறக்கை வேரோடு பிய்த்துக்கொண்டால், அதன் நிறை மையம் வினாடிக்கு 73 மீட்டர் வேகத்தில் தொடுகோட்டின் திசையில் பாயும். அப்போது அதன் இயக்க ஆற்றல் 320 ஜூலைத் தாண்டும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்தை எண்ணிக் கொள்ளலாம். அதன் ஆற்றல் ஏறத்தாழ 120 ஜூல். இறக்கையின் ஆற்றல் அதனைப்போல் இரண்டரை மடங்கு. மேலும் பந்து உருண்டையானது, இறக்கையோ கத்திபோன்ற விளிம்புடையது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஒரு பூங்காவில், 19 வயது இளைஞர் ஒருவர் தாமே இயக்கிய ரேடியோ ஹெலிகாப்டரின் இறக்கை தலையில் தாக்கி அங்கேயே உயிரிழந்தார். அவர் அதில் நல்ல பயிற்சி உடையவர். அந்த இறக்கை முன்பே பழுதுபட்டிருந்தது என்று நான் கூறவரவில்லை. இந்தப் பொறியின் ஆற்றல் எத்தகையது என்பதற்கே அதனை இங்குக் குறிப்பிட்டேன்.

இங்கே இன்னொன்றையும் மனத்தில் கொள்ளவேண்டும். விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி வேகத்தில் சுழற்றினால் விசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. ஆகவே, “மெதுவாகச் சுழற்றிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்பது சான்றாகாது. 188 கிலோவைத் தாங்குமா என்று கேட்டதற்கு, 47 கிலோவைத் தாங்கியது என்று விடை சொல்வது போன்றதே அது.

இறக்கையின் உடற்கூறு

முன்னாளில் இத்தகைய ஹெலிகாப்டர்களுக்கு மர இறக்கைகளே இருந்தன. ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் போன்றோர் 1970-களின் தொடக்கத்தில் இக்கலையை வளர்த்த காலம் அது. இன்று பெரும்பாலான இறக்கைகள் கார்பன் இழையாலோ கண்ணாடி இழையாலோ செய்யப்படுகின்றன. நடுவில் இலேசான நுரைப்பொருள்; அதைச் சுற்றி எபாக்சிப் பிசினில் தோய்த்த இழைத்துணி; முன்விளிம்பில், எடையைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்காக ஓர் உலோகத் துண்டு. வேர்ப் பகுதியில் மட்டும் பல அடுக்குகள் சேர்த்துத் தடித்திருக்கும்.

இழை இழுவிசையை அற்புதமாகத் தாங்கும். ஆனால் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது பிசினே. அடிபடும்போது பிசின் உள்ளே விரிசல் விட்டு அடுக்குகள் தனித்தனியே பிரியலாம். இரும்புத் தகடு அடிபட்டால் நசுங்கி, அடிபட்ட செய்தியைத் தானே சொல்லிவிடும். இழைப்பொருளோ அடியை உள்ளே வாங்கிக்கொண்டு, வளைந்து நிமிர்ந்து, மேற்பரப்பில் பழைய பளபளப்போடேயே காட்சி தரும். பெரிய விமானங்களைப் பராமரிக்கும் பொறியாளர்களும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத காயத்துக்காகவே தனிக்கவனம் செலுத்துகின்றனர்.

இதனோடு களைப்பு என்னும் தொல்லையும் உண்டு. முன்னோக்கிப் பறக்கும் ஹெலிகாப்டரில் ஒவ்வோர் இறக்கையும் ஒரு சுற்றில் ஒரு பாதியில் காற்றை எதிர்த்தும், மறுபாதியில் காற்றோடு சேர்ந்தும் செல்கிறது. அதனால் அதன்மீதுள்ள பளு சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. பத்து நிமிடப் பறப்பில் 20,000 தடவை! ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து ஒடிப்பது நமக்குத் தெரிந்த செயலே. முதல் நாள் மயிரிழைபோலிருந்த விரிசல், நாலாம் நாள் அதேபோல் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

செய்யத்தக்க சோதனைகள்

நூலகத்திலிருந்து எடுத்த குறிப்புகளையும், ஹெலிகாப்டரைத் தந்தவர் விளக்கியவற்றையும் கொண்டு பின்வரும் வரிசையில் இரு இறக்கைகளையும் சோதித்தேன். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

முதலாவது, வரலாறு. எப்படி அடிபட்டது என்பதே முதற் கேள்வி. பெட்டியில் வைக்கும்போது மேசையில் இடித்ததா, அல்லது சுழலும்போது தரையில் பட்டதா? முன்னதில் ஆற்றல் சிறிது; பின்னதில் நாம் மேலே கணக்கிட்ட ஆற்றலில் பெரும்பங்கு. சுழலும்போது அடிபட்டதென்றால், மற்றச் சோதனைகள் எல்லாம் பெரிதும் பெயரளவுக்கே.

இரண்டாவது, வேர். திருகாணித் துளையைச் சுற்றி விரிசல், அடுக்குப் பிரிவு, துளை நீள்வட்டமாதல் ஆகியவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கவேண்டும். இவற்றுள் எது இருந்தாலும் அத்தோடு சோதனை முடிந்தது, இறக்கை தள்ளுபடி.

மூன்றாவது, விளிம்புகள். நுனியில் சாயம் மட்டும் உரிந்திருந்தால் அது அழகைக் கெடுக்குமே தவிர வலிமையைக் கெடுக்காது. சாயத்துக்கு அடியிலுள்ள இழை அறுபட்டிருந்தாலோ, முன்விளிம்பில் வெட்டு இருந்தாலோ, உள்ளிருக்கும் உலோகத் துண்டு அசைந்தாலோ கொள்ளக்கூடாது. விரல் நகத்தை மெல்ல ஓட்டினாலே சிராய்ப்புக்கும் வெட்டுக்கும் வேறுபாடு தெரியும்.

நான்காவது, ஒலி. நம் தாய்மார்கள் சந்தையில் மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறார்கள் அல்லவா? அதேபோல் ஒரு நாணயத்தால் வேர் முதல் நுனி வரை தட்டிக்கொண்டே செல்லவேண்டும். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடத்தில் ஒலி தெளிவாக எழும். பிரிந்த இடத்தில் மந்தமாகத் தொப்பென்று ஒலிக்கும். விமானப் பராமரிப்பிலும் நாணயத் தட்டல் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட முறையே என்று அறிந்தபோது, பானைக் கடையில் நின்ற என் தாயாரை எண்ணிப் பெருமிதம் கொண்டேன்.

ஐந்தாவது, வளைவும் முறுக்கும். இரு கைகளால் பிடித்து மெல்ல வளைத்தும் முறுக்கியும், அதன் இணையோடு ஒப்பிட வேண்டும். ஒன்று மற்றதைவிடத் தளர்ச்சியாக இருந்தாலும், உள்ளே நொறுநொறுவென்று சத்தம் கேட்டாலும் அது தகாது.

ஆறாவது, சமனிலை. இரண்டு இறக்கைகளும் ஒரே எடையுடையனவா, நிறை மையம் ஒரே இடத்தில் உள்ளதா என்று பார்க்கவேண்டும். நுனியில் ஒரே ஒரு கிராம் வேறுபாடு இருந்தால், 2000 சுற்றில் அது ஏறத்தாழ 30 நியூட்டன், அதாவது 3 கிலோ எடையளவு, விசையாக மாறி, வினாடிக்கு 33 தடவை பொறி முழுவதையும் உலுக்கும். பிளவில் இட்ட பசையும் அதன்மேல் சுற்றிய ஒட்டுநாடாவும் ஒரு கிராமுக்கு மேலேயே இருக்கும் என்பதை ஒட்டலாம் என்போர் கருதிப் பார்க்கவேண்டும்.

இறக்கையோடு நின்றுவிடாமல், அதைத் தாங்கும் எஃகுத் தண்டுகளையும் கழற்றி, கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பார்த்தல் நலம். தண்டு வளைந்திருந்தால் தகட்டுக்கும் அதற்கும் இடையே வெளிச்சம் தோன்றித் தோன்றி மறையும்.

சோதனையின் எல்லை

இனி முடிவைக் கூறுகிறேன். பிளந்த இறக்கை மூன்றாவது, நான்காவது சோதனைகளில் தோற்றது. பிளவு விரல் நீளமே வெளியில் தெரிந்தாலும், மந்த ஒலி அதற்கப்பாலும் நாலு விரற்கடை கேட்டது. அதைப்பற்றி வாதமில்லை. மற்றதோ எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது! அப்படியானால் அதனைப் பயன்படுத்தலாம்தானே என்று நண்பர்கள் கேட்டனர். உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சோதனைகளின் இயல்பை எண்ணிப் பாருங்கள். மந்த ஒலி கேட்டால் உள்ளே பிரிவு உண்டு என்று துணியலாம். மந்த ஒலி கேட்கவில்லை என்றால் பிரிவே இல்லை என்று துணியமுடியுமா? நாணயத்துக்கும் காதுக்கும் எட்டாத அளவு சிறியதாக அது இருக்கலாமே! இச்சோதனைகளால் ஓர் இறக்கையைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க இயலும். குற்றமற்றது என்று விடுதலை செய்ய இயலாது. அந்த இரண்டாவது இறக்கையும் அதே வினாடியில், அதே தரையில், அதே வேகத்தில் அடிபட்டதுதான். அதன் வரலாறு முதற் சோதனையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

வட கடல் தரும் பாடம்

மனிதரை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்களிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. 2002-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், இங்கிலாந்தின் கிழக்கே வட கடலில், எரிவாயு மேடைகளுக்கிடையே பறந்துகொண்டிருந்த சிகோர்ஸ்கி எஸ்-76 ஹெலிகாப்டர் ஒன்று கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 11 பேரும் மாண்டனர். அதன் முதன்மை இறக்கை ஒன்று பறக்கும்போதே களைப்பு விரிசலால் முறிந்ததே காரணம் என்று விசாரணை கண்டது. அந்த இறக்கையின் வரலாறு என்ன? 1999-இல் அதனை மின்னல் தாக்கியிருந்தது. அதன்பின் அது உற்பத்தியாளரிடம் அனுப்பப்பட்டு, ஆராயப்பட்டு, மீண்டும் பணிக்குத் திரும்பியது. ஆனால் செய்யும்போதே நேர்ந்திருந்த ஒரு குறைபாட்டோடு மின்னலின் வெப்பமும் சேர்ந்து, உள்ளிருந்த டைட்டேனியம் பகுதியில் நுண்ணிய சேதத்தை விளைவித்திருந்தது. அது எவர் கண்ணிலும் படவில்லை. மூன்றாண்டுகள் பறந்த பின்பே அது தன்னை வெளிப்படுத்தியது.

தேர்ந்த பொறியாளர்கள், சிறந்த கருவிகள், எழுதிவைத்த விதிமுறைகள் எல்லாம் இருந்தும் உட்காயம் ஒளிந்துகொண்டது. நம்மிடம் இருப்பதோ ஒரு நாணயமும் ஓர் உருப்பெருக்கியும்.

ஒட்டுப் போடுவதும் ஒதுக்கிவிடுவதும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார் மிதிவண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஒன்றைத் தூக்கி எறிவதென்றால் எங்கள் வீட்டில் எவருக்கும் மனம் வராது. கிழிந்த சாக்கு கால்மிதியாகும். கால்மிதி நைந்தால் அடுப்படித் துணியாகும். ஆகவே, “நன்றாயிருக்கும் இறக்கையைத் தள்ளுபடி செய்” என்று எழுத என் கை எளிதில் துணியவில்லை. பணமுள்ளவர்களின் விதியை வசதியற்ற கல்லூரியின்மேல் திணிக்கிறேனோ என்றும் ஐயுற்றேன்.

விடுமுறையில் வீடு சென்றபோது தந்தையாரிடம் இதைச் சொன்னேன். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மையவிலக்கு விசை என்ற சொல்லைக் கேட்டறியாதவர். அவர் கேட்டது ஒன்றே: “தம்பி, டியூப்புக்கு ஏழு ஒட்டுக்கூடப் போட்டுத் தருவேன். விரிசல் விட்ட முன் ஃபோர்க்கைப் பற்றவைத்துத் தரச் சொன்னால் எப்போதாவது தந்திருக்கிறேனா?”

எண்ணிப் பார்த்தேன். தந்ததில்லை. எத்தனை பேர் சண்டையிட்டுச் சென்றாலும் தந்ததில்லை. காரணம் விளங்கிற்று. டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினால் ஓட்டை எங்கே என்று குமிழி காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒட்டியபின் மீண்டும் அமிழ்த்தினால் ஒட்டு நின்றதா என்பதையும் அதே தொட்டி சொல்லிவிடுகிறது. ஒருவேளை ஒட்டு விட்டாலும் காற்று இறங்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரலாம். ஃபோர்க்கின் உள்ளே பார்க்கத் தொட்டி இல்லை; அது முறிந்தால் இறங்கித் தள்ள ஆளும் இருக்கமாட்டான்.

சில பெரிய ஹெலிகாப்டர்களின் இறக்கைகளில் இந்தத் தண்ணீர்த் தொட்டித் தத்துவத்தையே கையாண்டிருக்கிறார்கள் என்பது வியப்புக்குரியது. உள்ளே குழாய்போலிருக்கும் உலோகத் தண்டில் நைட்ரஜன் வாயுவை அடைத்து, ஒரு காட்டியைப் பொருத்திவிடுகிறார்கள். விரிசல் விட்டால் வாயு கசியும். அழுத்தம் குறைந்ததைக் காட்டி அறிவித்துவிடும். உள்ளே இருப்பது தானே வெளியே வந்து பேசுமாறு செய்துவிட்டால் நம்பலாம். பேச வழியில்லாதபோது நம்பலாகாது.

ஆகவே சிக்கனம் வேறு, துணிச்சல் வேறு. பழுதுபட்ட ஒன்றைப் பயன்படுத்துமுன் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். பழுதின் அளவு நமக்குத் தெரியுமா? சீர்செய்தபின் அது சீரானதை அறிய வழியுண்டா? மீண்டும் பழுதானால் துன்பம் யாருக்கு? அடிபட்ட இறக்கை இம்மூன்றிலும் தோற்கிறது. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தருவது நீதிமன்றத்தின் மரபு. பொறியியலில் அதனைப் பார்வையாளருக்கே தரவேண்டும். பொருட்காட்சியில் முன்வரிசையில் உட்காரப் போகிறவர்கள் சந்தாப் பணத்தைப்பற்றி அறியாத பள்ளிப் பிள்ளைகள்.

என் அறிக்கையை மன்றக் கூட்டத்தில் படித்தேன். இரண்டு மணி நேர விவாதத்துக்குப்பின் இரு இறக்கைகளையும் தள்ளுபடி செய்வதென்றும், இவ்வாண்டு ஹெலிகாப்டரை இறக்கையின்றி மேசைமேல் வைத்து விளக்குவதென்றும் தீர்மானம் நிறைவேறியது. சிலருக்கு வருத்தந்தான். ஆயினும் தேறிய இறக்கையை ஆய்வுக்கூட உதவியாளர் நீளவாக்கில் அறுத்துத் தந்தபோது அனைவரும் கூடி நின்று பார்த்தோம். வேரிலிருந்து ஒரு சாண் தொலைவில், நுரைப்பொருளுக்கும் இழைத்துணிக்கும் இடையே, ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அது பறப்பில் முறிந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நூறு முறை பறந்தும் முறியாமல் இருந்திருக்கலாம். நாணயத்துக்கு அது கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இத்தகைய பொறிகளைக் கையாளும் நண்பர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள் சில. இறக்கைகளை இணையாகவே வாங்குங்கள், இணையாகவே மாற்றுங்கள். ஒவ்வோர் இணைக்கும் எண்ணிட்டு, என்று எங்கே அடிபட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நினைவைவிட ஏடு நேர்மையானது. கார்பன் இழையை அறுக்கும்போது மூக்கையும் வாயையும் நுண்தூசியைத் தடுக்கும் முகமூடியால் மூடிக்கொள்ளுங்கள்; அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தள்ளுபடி செய்த இறக்கையை அப்படியே குப்பையில் போடாதீர்கள். இரண்டாக ஒடித்துப் போடுங்கள். பளபளப்பான இறக்கை ஒன்று குப்பையில் கிடந்தால், அதை எடுத்துத் துடைத்து, “நன்றாகத்தானே இருக்கிறது” என்று மாட்டிப் பார்க்க நம்மைப்போல் ஒருவர் கட்டாயம் வருவார்.